சாயம் இறங்கிய பள்ளிக்கூடம்

புளியடிக்குளம் அரசுப் பள்ளிக்கூடத்துக்கு ஜெபக்கனி டீச்சர் சமூக அறிவியல் நடத்த மாற்றலாகி வந்த ஆனி மாதத்தில், அங்கே படித்த பிள்ளைகள் எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு கயிறு இருந்தது. மேலத்தெருப் பிள்ளைகளுக்கு ஊதாவும் பொன்னும் முறுக்கிய கயிறு, வடக்குத்தெருப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுக் கயிறு, காலனிப் பிள்ளைகளுக்குக் கரும்பச்சை. ஊரெல்லாம் கட்டியிருக்கும்போது வெறுங்கையோடு இருப்பது அம்மணமாக இருப்பதுபோல் தோன்றியதால் அவர்களும் கட்டிக்கொண்டார்கள். கயிற்றைப் பார்த்துத்தான் யார் பக்கத்தில் உட்காருவது, யார் பாட்டிலில் தண்ணீர் குடிப்பது, பஸ்ஸில் யாரை எழுப்பிவிடுவது, சண்டை வந்தால் யாரை அடிப்பது என்பதையெல்லாம் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். எட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் வந்து சேரும் இடத்தில் இதெல்லாம் வேண்டியதுதான் என்று தலைமையாசிரியரும் நினைத்தார்.

ஜெபக்கனி டீச்சர் ஒன்பதாம் வகுப்பில் அடிப்படை உரிமைகள் பாடத்தை எடுத்த அன்று, புத்தகத்தை மூடச் சொன்னார்.

"இதை வாசிக்கக் கூடாது. அவங்கவங்க பேரைச் சொல்லிச் சொல்லணும். சட்டத்துக்கு முன்னால நான் யாருக்கும் மேல இல்ல, யாருக்கும் கீழ இல்ல. ம், யாரு முதல்ல?"

பிள்ளைகள் சிரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் பெஞ்சில் இருந்த இசக்கிரூபா எழுந்தாள். மேலத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் குத்தாலிங்கத்தின் ஒரே மகள்; எதையும் உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் அவளுக்கு மனதில் நிற்கும்.

"சட்டத்துக்கு முன்னால இசக்கிரூபா யாருக்கும் மேல இல்ல, யாருக்கும் கீழ இல்ல."

அவளுக்குப் பின்னால் காலனியிலிருந்து வரும் யசோதரா தன் பெயரைச் சொல்லிச் சொன்னாள், அவளுக்கு அடுத்தவன் சொன்னான், அதற்கடுத்தவனும் சொன்னான். வகுப்புகளுக்கு நடுவில் ஆள் உயரத்துக்குத் தட்டிதான் இருந்தது என்பதால் பக்கத்து வகுப்பும் சேர்ந்துகொண்டது, அதற்கும் பக்கத்து வகுப்பும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் முழுக்கத் தன் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கயிறுகளிலிருந்து சாயம் இறங்கத் தொடங்கியது.

"டீச்சர், பாவாடையில படுது" என்றாள் இசக்கிரூபா.

ஊதா சொட்டியது, பொன் சொட்டியது, ஆரஞ்சும் பச்சையும் சொட்டின. எல்லாம் தரையில் ஒன்றாகக் கலந்து, வடிகட்டிய தேயிலையின் நிறத்தில், பெஞ்சுகளுக்கு அடியில் ஓடி வராந்தாவுக்கு வந்தது. அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் அது போவதற்காகக் காலைத் தூக்கிக்கொண்டார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது படியிறங்கி, மைதானத்தைக் கடந்து, சாக்கடையில் சேர்ந்து போய்விட்டது. மணிக்கட்டுகளில் வெள்ளைக் கயிறு மட்டும் மிச்சமிருந்தது.

சாயத்தோடு சேர்ந்து இன்னொன்றும் போயிருந்தது. அது சாயங்காலம்தான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் டீ கேட்டபோது, கண்ணாடி டம்ளருக்கும் பேப்பர் கப்புக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தைப் பார்த்ததும் இன்னார் மகன், இன்ன தெரு என்று சொல்லிவிடும் வித்தை அவரிடம் இல்லை. அவரிடம் மட்டுமல்ல, ஊரில் யாரிடமும் இல்லை. பெயர் தெரிந்தது, முகம் தெரிந்தது, எந்த வீட்டுப் பிள்ளை என்பது நாக்கு நுனிவரை வந்து வழுக்கியது. பெற்றவரே சொல்லிக் கொடுத்தாலும் மறுநிமிடம் மறந்தது. பெற்றவர்களுக்கு மட்டும் தங்கள் பிள்ளை எது என்று தெரிந்தது. அடுத்தவர் பிள்ளை யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

புளியடிக்குளம் இதைக் கண்டு மலைத்துப் போய்விடவில்லை. முதலில் கயிறு விற்ற ஃபேன்சி ஸ்டோர்க்காரனை அடித்தார்கள். பிறகு தென்காசியிலிருந்து புதுக் கயிறு வாங்கிவந்து கட்டினார்கள், அது பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதற்குள் வெளுத்தது. குங்குமம் வைத்து அனுப்பினார்கள், நெற்றி வெறும் நெற்றியாகத் திரும்பி வந்தது. மருதாணி நிற்கவில்லை, நகப்பூச்சு நிற்கவில்லை, சைக்கிளுக்கு அடித்த பெயிண்ட்கூட அந்தப் பிள்ளைகள் ஏறி மிதித்ததும் உதிர்ந்தது. பச்சை குத்துகிறவனை வரவழைத்தார்கள். அவன் குத்தக் குத்த மை தோலுக்கு உள்ளேயே கரைந்ததைப் பார்த்து, கூலியும் கேட்காமல் ஊசியைத் துடைத்துக்கொண்டு போனான்.

பிள்ளைகளுக்கு அது நல்ல காலம். எந்தத் தெரு என்று பெரியவர்கள் கேட்டால் வாயில் வந்த தெருவைச் சொன்னார்கள், ஒரு நாளைக்கு ஒரு தெரு சொன்னார்கள், சொல்லிவிட்டு ஓடினார்கள். யசோதரா சாப்பாட்டு வேளையில் இசக்கிரூபாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கருவாட்டுக் குழம்பை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.

"நான் எந்தத் தெருன்னு உனக்குத் தெரியுமாட்டி?" என்றாள்.

"தெரியல. சொன்னாலும் மறந்துருமாம்."

"அப்படின்னா தினமும் சொல்லுதேன். நான் காலனி."

சொன்னபடியே தினமும் சொன்னாள். இசக்கிரூபா தினமும் மறந்து, தினமும் கேட்டு, கடைசியில் மறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். அதை அவளைத் தவிர வேறு யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

டீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை. பேசும் உரிமையை நடத்தினார், தீண்டாமை ஒழிப்பை நடத்தினார், உயிருக்கும் உடம்புக்கும் உள்ள உரிமையை நடத்தினார். "உன் உடம்புல உன்னைக் கேக்காம யாரும் கை வைக்க முடியாது. பெத்தவங்களுக்கும் சேர்த்துத்தான்" என்று அவர் சொன்னபோது இசக்கிரூபா அதையும் உரக்கச் சொல்லி மனதில் நிறுத்திக்கொண்டாள்.

ஆடி மாதம் மேலத்தெருக்காரர்களும் வடக்குத்தெருக்காரர்களும் குத்தாலிங்கத்தின் பட்டறையில் கூடினார்கள். தலைமுறை தலைமுறையாக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டவர்கள் முதல்முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். யார் யாரையோ நம் பிள்ளைகள் தொட்டுக்கொண்டு திரிகிறதே என்று ஒருவர் அழுதார். இன்னும் நாலு வருஷத்தில் கல்யாண வயது வந்துவிடும், அப்போது யாரைக் கண்டு என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். குத்தாலிங்கம் கெட்டவன் அல்ல; மகளுக்குத் தலைவலி என்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு வருகிறவன். அவன்தான் வழி சொன்னான்.

"நம்ம புள்ள எதுன்னு நமக்குத் தெரியுதுல்லா? அதுக்கு நாம அடையாளம் போட்டுட்டா, அடையாளம் இல்லாதது எல்லாம் அவனுவ புள்ள. இதுல கொழம்ப என்ன இருக்கு?"

"எந்த அடையாளம்வே நிக்குது?"

"சாயந்தானே போவுது" என்றான் குத்தாலிங்கம். "வடு போவுமா?"

எல்லோரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். மேலத்தெருவுக்கு வளையம், வடக்குத்தெருவுக்குக் கோடு என்று முடிவானது. இரண்டு கம்பிகளையும் அவனே வளைத்துப் பற்றவைத்து, பிள்ளைகளுக்குக் கிழித்துவிடக் கூடாது என்று ஓரங்களை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினான்.

ஆடி வெள்ளி காலையில் பட்டறைக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். மைக்செட் பாடியது, அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் வெந்தது, பிள்ளைகளுக்குத் தலை குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்திக் கூட்டிவந்தார்கள். மற்றவர்கள் பயப்படக் கூடாது என்பதற்காகக் குத்தாலிங்கம் முதலில் தன் மகளை உட்காரவைத்தான். அம்மா செல்லத்தாய் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்காது மக்கா. கண்ண மூடிக்கோ. அப்பா மெதுவா வைக்கேன்."

இசக்கிரூபா கண்ணை மூடவில்லை. சிவந்த கம்பியைப் பார்த்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, எந்த மனிதரின் உயிரையும் உடல் சுதந்திரத்தையும் சட்டத்தின் வழியில் அல்லாமல் யாரும் பறிக்கக் கூடாது என்று சொன்னாள். மறுபடி சொன்னாள். ஒரு பாடத்துக்கே கயிற்றுச் சாயம் இறங்கிய ஊர் என்பதால் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பார்த்தது. குத்தாலிங்கமும் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தான். அவள் தன் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள்.

இரும்பு ஆறவில்லை.

வலது புறங்கையில் வளையம் விழுந்தது. அவள் அலறியபோது மைக்செட்டைக் கொஞ்சம் கூட்டினார்கள். அடுத்த பிள்ளையை உட்காரவைத்தார்கள், அதற்கடுத்த பிள்ளையை உட்காரவைத்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து, வாழையிலையில் மருந்தெண்ணெயும் தொன்னையில் பொங்கலும் கொடுத்து அனுப்பினார்கள். காலனியிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் காலனிக்குப் போட்ட அடையாளம்.

ஜெபக்கனி டீச்சர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கி, பிள்ளைகளின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "சாமிக்கு நேர்ச்சைங்க ஐயா" என்றார்கள் அம்மாமார்கள். அவர் மிச்சமிருந்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம், மாணவர்களிடையே பகை மூட்டியதாக டீச்சருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கையெழுத்து வாங்கும்போது தலைமையாசிரியர் கனிவாகத்தான் பேசினார்.

"பாடத்தை நடத்தத்தான் சம்பளம் தாராவ டீச்சர். பிள்ளைகளை நம்ப வைக்கச் சொன்னது யாரு?"

பந்தல் பிரித்த மறுநாளே யசோதரா பட்டறைக்கு வந்தாள். குத்தாலிங்கம் ஒரு வீட்டுக்கு கேட் மாட்டப் போயிருந்தான். இசக்கிரூபா கையில் வாழையிலையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் போட்டுவிடு."

"கிறுக்காட்டி உனக்கு? ரொம்ப வலிக்கும்."

"புண்ணு ஆறி எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்ததும், வழவழன்னு இருக்குற கையெல்லாம் எங்க உக்காரும்னு உனக்குத் தெரியாதா? எல்லாரும் கட்டுப் போட்டிருக்கும்போதே போட்டுரு. சேர்ந்து ஆறிரும்."

இசக்கிரூபா மாட்டேன் என்றாள், அழுதாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், திறந்தாள். பிறகு அப்பா பற்றவைப்பதைப் பார்த்துப் பழகியபடி நெருப்பை மூட்டிக் கம்பியைப் போட்டாள். வலது கை புண்ணாக இருந்ததால் இடது கையால் பிடித்தாள். யசோதரா தாவணி முனையைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் எழுப்பாமல் கையை நீட்டினாள். சத்தம் எழுப்பியது இசக்கிரூபாதான்.

யசோதராவின் அம்மா மரகதம் மகளின் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆவணியில் பள்ளிக்கூடம் மறுபடி நிறைந்தபோது, யசோதரா சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. வழவழப்பான கைகளைக் கழிப்பறைச் சுவரோரம் உட்காரவைத்தார்கள், டீக்கடையில் பேப்பர் கப்பு திரும்பி வந்தது, பஸ்ஸில் அந்தக் கைகள் படிக்கட்டில் தொங்கின. மகள் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து போவதை மரகதம் ரோட்டிலிருந்து பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

வளையம் போட்ட பிள்ளைகளுக்கு மேலத்தெருச் சார்பில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கொடுக்க ஏற்பாடானபோதுதான் சிக்கல் வந்தது. தான் சூடு போட்ட பிள்ளைகளை நினைவில் எண்ணிக் குத்தாலிங்கம் வாங்கிவந்திருந்தான். வரிசையில் கடைசியாக நின்ற வளையக் கைக்குப் பாட்டில் இல்லை.

அன்று மத்தியானமே மேலத்தெரு ஆண்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தார்கள். சிலர் அரிவாளை முதுகுப்பக்கம் செருகியிருந்தார்கள். தலைமையாசிரியர் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வளையப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கை நீட்டச் சொன்னார்கள். பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் வெளியூர் வேலையில் இருந்ததால், அவரவர் பிள்ளையைப் பிரித்து நிறுத்திப் பார்க்க வழியில்லை. குத்தாலிங்கம் பட்டறைக் கம்பியோடு ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"எது நம்ம கை இல்லன்னு சொல்லும், குத்தாலிங்கம்."

"எல்லாம் என் கம்பி போட்டதுதான்வே. ஒண்ணு போலத்தான் இருக்கு."

"அது எப்படி? இதுல ஒண்ணு திருட்டுக் கை."

அவன் யசோதராவை நெருங்கினான். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் அந்தக் கையைப் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கியபோது, பக்கத்தில் நின்ற இசக்கிரூபா முன்னால் வந்தாள்.

"அத விடுங்க. திருட்டுக் கை இதுதான். நானே போட்டுக்கிட்டேன்."

மைதானத்தில் அவள் யார் மகள் என்று தெரிந்த ஒரே ஆண் குத்தாலிங்கம். மற்றவர்கள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள், நாக்கு நுனியில் எதுவும் வரவில்லை.

"யாருவே இந்தப் புள்ள? உமக்குத் தெரியுமா?"

அவன் மகளைப் பார்த்தான். தெரியும் என்று சொன்னால், என் மகள் என்று சொன்னால், அப்போது மற்றது யார் கை என்று கேட்பார்கள், உன் பட்டறையில் உன் கம்பியால் யார் போட்டது என்று கேட்பார்கள், வழி சொன்னவன் வீட்டிலேயே வழி தப்பியதா என்று கேட்பார்கள். இவ்வளவும் அவன் மனதில் ஓடியது. அவள் பாவாடையின் ஓரத்தில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்தான்.

"தெரியாது" என்றான்.

முறிக்க ஒரு கம்பி வேண்டியிருந்தது. அவன் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார்கள். அவன் கொடுத்தான் என்றும் சொல்லலாம், பிடியை விட்டான் என்றும் சொல்லலாம். வளையம் இருந்த கையை இரண்டு இடத்தில் முறித்தார்கள். இசக்கிரூபா அப்பா என்று கூப்பிடவில்லை. கூப்பிடுவாளோ என்று கடைசிவரை அவன் பயந்துகொண்டிருந்தான்.

விளையாடும்போது விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்கள். மகளைப் பார்க்கச் செல்லத்தாய் ஆஸ்பத்திரி வாசல்வரை ஓடிவந்தாள், குத்தாலிங்கம் குறுக்கே நின்றான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியது மரகதம். ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் அவள் திட்டினாள்: "என் புள்ள கையச் சுட்ட பாவி. உன்னை யாரு குறுக்க வரச் சொன்னா? எங்க வீட்டுக்கு மட்டும் வந்துராத, கொளுத்திருவானுவ." திட்டிக்கொண்டே வாயைத் துடைத்துவிட்டாள்.

விஷயம் கேள்விப்பட்டு ஜெபக்கனி டீச்சர் மூன்று பஸ் மாறி வந்தார். தன்னோடு கூட்டிப்போய், தான் வேலை பார்க்கும் ஊரில் ஒரு விடுதியில் சேர்க்க ஏற்பாடு செய்தார். பஸ்ஸில் போகும்போது இசக்கிரூபா கேட்டாள்.

"டீச்சர், நீங்க சொல்லிக்குடுத்தது பொய்யா?"

"பொய்யில்லம்மா."

"சாயம் போச்சே. அப்படின்னா இரும்பு ஏன் ஆறல?"

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மாவுக்கட்டுப் போட்ட அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அது கனத்தது.

கார்த்திகையில் அரசியலமைப்பு நாள் வந்தது. மேலிடத்து உத்தரவுப்படி மைதானத்தில் ஷாமியானா போட்டு, முகவுரையை வாசித்து உறுதிமொழி எடுக்க ஏற்பாடு செய்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவராகிவிட்ட குத்தாலிங்கம் முன்வரிசையில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தான். வாசிக்க, திக்காமல் படிக்கும் பிள்ளை என்று யசோதராவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கோட்டுக் கைகளும் வளையக் கைகளும் முன்னால் நின்றன, வழவழக் கைகள் சுவரோரம் நின்றன. எல்லாக் கைகளும் ஒன்றாக நீண்டன. யசோதரா மைக்கைப் பிடித்து, இந்திய மக்களாகிய நாம் என்று தொடங்கி, நீதியைச் சொல்லி, சுதந்திரத்தைச் சொல்லி, சமத்துவத்தைச் சொல்லி, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் முடித்தாள். எந்தச் சாயமும் எங்கிருந்தும் இறங்கவில்லை. வந்திருந்த அதிகாரி, இவ்வளவு கட்டுப்பாடான பள்ளிக்கூடத்தைத் தான் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

பரிசு கொடுக்கக் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவன் மேடையேறி, அவள் கையிலிருந்த வளையத்தைப் பார்த்து முகம் மலர்ந்தான். தலையில் கை வைத்தான்.

"நம்ம புள்ள! எப்படிக் கணீர்னு வாசிச்ச! யாரு மகட்டி நீ?"

யசோதரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். மைக்கை விட்டு விலகி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் காலனி. உங்க மகதான் எனக்கு இதப் போட்டுவிட்டா."

அவன் கை அவள் தலையிலேயே இருந்தது. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. சொன்னது ஒரு நிமிடத்தில் மறந்துவிடும் என்று அவன் காத்திருந்தான். நிமிடம் போனது, மறக்கவில்லை. அவன் குனிந்து அவள் காதருகில் வந்தான்.

"சத்தம் போடாத" என்றான். "இத யார்கிட்டயும் சொல்லிராத தாயி. யாராவது கேட்டா, எம் மகள்னு சொல்லிரு."

பரிசை அவள் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்று, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான்.